கடையும் அல்ல, வீடும் அல்ல

"கத்திரியையும் எடுத்துக்கிட்டா போற?"

"கத்திரி இல்லாம அங்க போய்ப் பல்லாலயா வெட்டுவேன்?"

"இல்ல, சின்னக் கத்திரி ஒண்ணாவது இங்க கிடக்கட்டுமேன்னு."

"எதுக்கு? உங்க மீசையை வெட்டிக்கவா?"

இந்த இடத்தில் அவன் சிரித்திருக்க வேண்டும். மனைவி அதற்காகத்தான் சொன்னாள். அவனோ துணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகப் போட்டுக் கொடுத்தான்.

"பள்ளிக்கூடச் சீருடை அவ்வளவையும் இந்த ஒரு ரூமுக்குள்ள தைக்க முடியாதுங்க. அண்ணன் வீட்டு முன் கூடம் காலியாத்தான் இருக்கு. கடையில லைட்டு எரியட்டும். எரிஞ்சதும் வந்து கூப்பிடுங்க, நான் பாட்டுக்கு வந்துடறேன்."

"இந்த வாரமே எரிஞ்சுடும்."

"எரியட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவன் அதை மனசுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு முறையும் சிரிக்க வேண்டிய இடம் சரியாக வந்தது, போனது. "லைட்டு எரிஞ்சதும் வந்து கூப்பிடுங்க" என்பது மட்டும் கல்லில் வெட்டியதுபோல நின்றுவிட்டது. லைட் எரியாமல் அவளைக் கூப்பிடக் கூடாது என்று அவன் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டான். ஒயரிங் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் புத்தி உண்டு. ஒரு முனையில் இணைப்புக் கொடுக்காமல் மறுமுனையில் சுவிட்சைத் தட்ட மாட்டார்கள்.

தெருவில் அவனை எல்லாரும் 'டெஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் எப்போதும் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருக்கும். கல்யாணத்தன்றும் இருந்தது. போட்டோவில் கூடத் தெரியும். அந்த வட்டாரத்தில் அவன் கை படாத வீடு குறைவு. ஃபேன் மாட்டுவான், மோட்டார் சரி பண்ணுவான், குழந்தை முழித்துக்கொள்ளாமல் சுவரில் துளை போடுவான். இதற்கெல்லாம் யாரும் அவனிடம் ஒரு காகிதம் கேட்டதில்லை.

மனைவி கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தையல் கடை வைக்கப் போகிறாள் என்றதும், அவளுடைய அண்ணன், அச்சுக்கூடம் வைத்திருப்பவர், "நம்ம ஆபீஸுக்கு வேலை செஞ்ச கான்ட்ராக்டரையே அனுப்பறேன்" என்றார். டெஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் பொண்டாட்டி கடைக்கு வெளியாளு வந்து ஒயர் இழுக்கறதா?" என்றான். அவனே இழுத்தான். இரண்டு மோட்டார் மெஷினுக்கும் தனித்தனி பிளக், இஸ்திரிப் பெட்டிக்குக் கனமான ஒயர், ஊசியில் நூல் கோக்கும் இடத்துக்கு நேர் மேலே நிழல் விழாதபடி ஒரு குழல் விளக்கு. ஒவ்வொரு சுவிட்சையும் அவள் உட்காரும் உயரத்துக்கு அளந்து வைத்தான். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கம்பத்திலிருந்து கரண்ட் வர வேண்டும்.

மின் அலுவலகத்தில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "கமர்ஷியலா?" என்றார்.

"தையல் கடை சார்."

"ஒயரிங் செஞ்சவரோட பதிவு எண்?"

"நான்தான் செஞ்சேன். கமர்ஷியல் வேலைக்குப் பதிவு கட்டாயம் வேணுமா சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கேக்கறது எங்க வழக்கம். வேணுமா வேணாமான்னு பதிவு வாரியம்தான் சொல்லணும். அங்க போய்க் கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்தா நாங்க ஏன் குறுக்க நிக்கப் போறோம்?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு கேள்வி, ஒரு பதில். சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டு, சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டுவிடலாம் என்று அவன் வாரியத்துக்கு நடந்தான்.

மின்பணியாளர் பதிவு வாரியம் மூன்று மாடிக் கட்டடம். மாடிப்படியில் விளக்கு இல்லை. விளக்கு மாட்டும் இடம் இருந்தது, விளக்கும் இருந்தது, எரியவில்லை. ஆட்கள் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினார்கள். ஏறிப் பழகியவர்கள் இறங்குகிறவர்களுக்கு "வளைவுல ஒரு படி உடைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

கவுன்டரில் இருந்த அம்மா அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க பதிவு எண் சொல்லுங்கண்ணா."

"பதிவு இல்ல மேடம். பதிவு வேணுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"புரியுது. கேள்வி கேக்கணும்னா பதிவு எண் வேணும். பதிவு பெற்றவங்களோட கேள்வியைத்தான் சிஸ்டம் எடுத்துக்கும்."

"பதிவு பெற்றவங்க எதுக்கு மேடம் பதிவு வேணுமான்னு கேக்கப் போறாங்க?"

"கேக்கறதே இல்லண்ணா" என்றாள் அவள், மன நிறைவோடு. "அதனாலதான் இந்தப் பிரிவுல ஒரு மனு கூடத் தேங்கல. போன வருஷம் எங்களுக்குக் கேடயம் குடுத்தாங்க."

கேடயம் அவளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அவன் அதைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பரிதாபமாகிவிட்டது. "மேல விளக்க அதிகாரி இருக்கார். வாய்மொழியா கேட்டுப் பாருங்க. வளைவுல படி பார்த்து."

விளக்க அதிகாரியின் அறையில் மேஜை மின்விசிறி ஒன்று கழுத்து ஒடிந்ததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு விண்ணப்பத்தை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். டெஸ்டருக்கு அந்த மின்விசிறியைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. ஒரு திருகு தளர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை.

"தொடாதீங்க" என்றார் அதிகாரி. "இது அலுவலகம். வீடு இல்ல. நீங்க பதிவு பெற்றவரா?"

"இல்ல சார். அப்போ ஆபீஸ் வேலைக்குப் பதிவு வேணும்ங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அலுவலகம் வணிக வளாகமான்னு ஒரு சந்தேகம் எங்களுக்கே உண்டு. நாங்க எதையும் விக்கறதில்ல, வாங்கறதும் இல்ல. அதே சமயம் இங்க யாரும் குடியிருக்கவும் இல்ல. இந்தச் சந்தேகம் தீர்ற வரைக்கும் எந்த வகை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறதுன்னு எங்களால முடிவு பண்ண முடியல. மாடிப்படியைப் பாத்திருப்பீங்க."

"பார்த்தேன்... இல்ல, பார்க்க முடியல சார்."

"அதுல ரெண்டு பேரு விழுந்தாச்சு. இருந்தாலும் நாங்க நடைமுறையை விட்டுக் கொடுக்கல. ஒரு வாரியம்னா அந்த உறுதி வேணும்." அவர் குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது. விழுந்த இரண்டு பேரில் அவரும் ஒருவர் என்பது அவர் இடது கைக் கட்டிலிருந்து தெரிந்தது.

"எனக்கு ஒரே கேள்விதான் சார். கடைக்கு ஒயரிங் பண்ணப் பதிவு வேணுமா, வேணாமா?"

"இதுல ரெண்டு கேள்வி இருக்கு. வேணுமாங்கறது ஒண்ணு, வேணாமாங்கறது இன்னொண்ணு. ரெண்டும் வேற வேற பிரிவு. அதுக்கும் முன்னாடி நீங்க சொல்ற இடம் நிஜமாவே கடைதானான்னு பார்க்கணும். ஆய்வாளரை அனுப்பறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அவர் வர்றப்போ இடம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தாள். பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம்.

"என்னாச்சுங்க?"

"ஆய்வாளர் வர்றாராம். வந்துட்டா முடிஞ்சுது."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவன் மென்று விழுங்கினான். சாப்பிட்டிருந்தால்தானே சொல்ல. மெஷின் சத்தம் நின்றது. அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. கடையில் இன்னும் விளக்கு எரியவில்லையே, எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. முன்பைவிட வேகமாக.

ஆய்வாளர் ஒரு வழியாக வந்தார். ஒல்லியான மனிதர். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கடை வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று சற்று நேரம் யோசித்து, வீடாக இருந்தால் கழற்ற வேண்டும், கடையாக இருந்தால் வேண்டாம் என்பதால், ஒன்றைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்தார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து மூடினார். "வேலை சுத்தமா இருக்கு" என்றார். டெஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்தது. "அதைப் பார்க்க நான் வரல" என்று முடித்தார் ஆய்வாளர். "இங்க வியாபாரம் நடக்குதா?"

"கரண்ட் வந்ததும் நடக்கும் சார்."

"வந்ததும் நடக்கறதை வந்ததும் பார்த்துக்கலாம். நான் இன்னிக்கு வந்திருக்கேன். இன்னிக்கு நடக்குதா?"

"இல்ல."

"அப்போ இது கடை இல்ல."

டெஸ்டர் ஒரு கணம் திகைத்து, பிறகு பிரகாசமானான். "கடை இல்லன்னா பதிவு வேண்டாம்தானே சார்? வீட்டுக் கனெக்‌ஷனே குடுக்கச் சொல்லுங்க."

"யாராவது குடியிருக்காங்களா?"

"இல்ல."

"குடி இல்லாத இடம் எப்படி வீடு ஆகும்?"

"அப்போ இது என்னதான் சார்?"

ஆய்வாளர் ஒரு கண்ணைச் சுருக்கிச் சுற்றிலும் பார்த்தார். தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தான் கழற்றி வைத்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். "நாலு சுவர்" என்றார். அதையே எழுதிக்கொண்டார். "நாலு சுவருக்குக் கரண்ட் குடுக்க விதியில இடமில்ல."

போகும்போது என்ன நினைத்தாரோ, வாசலில் நின்று, "நான் யோசனை சொல்லக் கூடாது" என்றார். "பொதுவா சொல்றேன். கட்டில் கிடந்தா வீடு."

டெஸ்டர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தான். விடிந்ததும் கட்டிலைப் பிரித்தான். அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அடுப்பையும் இரண்டு தட்டுகளையும் மேலே வைத்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனான். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் சோப்பு நுரை பூசிய பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

"என்ன டெஸ்டர், வீட்ல தொரத்தி விட்டுட்டாங்களா?"

"அவ அண்ணன் வீட்ல இருக்கா. இது கரண்டுக்காக."

"அவங்க போனது எதுக்காக?"

"அதுவும் கரண்டுக்காகத்தான்."

முடிதிருத்துபவர் அதை யோசித்தபடியே உள்ளே போய், நாற்காலியில் பாதி முகத்தோடு காத்திருந்தவரிடம், "அவங்களுக்குள்ள ஷாக் அடிச்சிருக்கு" என்றார். பாதி முகம் அதை அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டது.

மதியத்துக்குள் மச்சான் அழைத்தார். "மாப்பிள்ளை, நீங்க கட்டிலோட தனிக்குடித்தனம் போயிட்டதா கேள்விப்பட்டேன். எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து, நம்ம கான்ட்ராக்டர் தான் செஞ்ச வேலைன்னு போட்டுக் குடுத்துடுவான். நாளைக்கே லைட் எரியும்."

"அவர் செய்யல மச்சான். நான் செஞ்சேன்."

"யார் செஞ்சா என்ன மாப்பிள்ளை, எரிஞ்சா சரிதானே?"

"என் பொண்டாட்டி கடை மச்சான்" என்றான் அவன். அதற்கு மேல் அவனுக்கு விளக்கத் தெரியவில்லை.

போன் கை மாறியது.

"கட்டிலை எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"அது வந்து, ஆய்வாளர்..."

"நம்ம கட்டிலையா?"

"ஒண்ணுதானே இருக்கு."

"அப்போ நான் வந்தா எங்க வர்றது?" என்று கேட்டாள். சண்டைக் குரல் இல்லை. நிஜமாகத் தெரியாமல் கேட்கிறவளின் குரல். வீட்டில் பாய் இருக்கிறது, நீ வா, பாயில் படுப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவனோ ஆய்வாளர் மறுபடி எப்போது வருவார் என்பதைச் சொன்னான். கட்டில் போட்டால் வீட்டுக் கனெக்‌ஷன் கிடைக்கும், அப்புறம் கடையாக மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான்.

"சரிங்க" என்றாள் அவள். "விவரமாத்தான் இருக்கு."

ஆய்வாளர் இரண்டாம் முறை வந்தபோது இரண்டு செருப்பையும் கழற்றினார். அதைப் பார்த்ததுமே டெஸ்டருக்கு நம்பிக்கை பிறந்தது. ஆய்வாளர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். தலையணையைத் தட்டிப் பார்த்தார். அடுப்பைத் தொட்டுச் சூடு இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

"குடித்தனம்தான்" என்று எழுதத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் பையனின் கால்சட்டை. "தையல் கடை இதுதானே? இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடணும். நாளுக்கு நாள் ஊதறான்."

"கடை இன்னும் திறக்கலைங்க."

"திறக்கறப்போ தைங்க. இப்ப வாங்கி வைங்க, இதைத் தூக்கிக்கிட்டு நான் எங்க அலையறது?"

கால்சட்டையை நீட்டினாள். இவனும் கை நீட்டி வாங்கிவிட்டான். மனைவி வீட்டில் இல்லாதபோது எத்தனையோ துணிகளை இப்படி வாங்கி வைத்திருக்கிறான். கை பழக்கம். வாங்கிய பிறகுதான் அறையில் பேனா ஓடும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தான்.

"வாங்கிட்டீங்க" என்றார் ஆய்வாளர்.

"இல்ல சார், அவங்க குடுத்தாங்க."

"ஒருத்தர் குடுத்து ஒருத்தர் வாங்கினா அதுக்குப் பேரு வணிகம்." அவர் எழுந்து போய் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வந்தார். "இப்போ நிலைமை என்னன்னா, இது கடைன்னு சொன்னீங்கன்னா, பதிவு இல்லாம ஒயரிங் செஞ்சது குற்றமா இருக்கலாம். வீடுன்னு சொன்னீங்கன்னா, வீட்டுக்குள்ள கடை நடத்தறது குற்றமா இருக்கலாம். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கறேன்."

"எதைச் சொன்னா நல்லது சார்?"

"யோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"அன்னிக்குக் கட்டில்னு சொன்னீங்களே."

"அது பொதுவா சொன்னது" என்றார் ஆய்வாளர், மனம் புண்பட்டவராக. "நீங்கதான் அதைத் தனிப்பட்ட முறையில எடுத்துக்கிட்டீங்க."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இடுப்புல மட்டும் பிரிச்சா போதும்" என்று நினைவுபடுத்திவிட்டுப் போனாள்.

டெஸ்டர் கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். ஏன் போகிறோம் என்று தெரியவில்லை. கால் போயிற்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து பழக்கப்படி சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. பல்பைக் கழற்றி மாட்டினான். டெஸ்டரை எடுத்து பிளக்கில் வைத்துப் பார்த்தான். அது அவனை வெறுமனே பார்த்தது. வெளியே போய் மீட்டர் பெட்டியைத் திறந்தான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்கள். குடும்பத்தார் வேறு வளாகத்தில் குடியேறிவிட்டதாகத் தகவல் வந்திருப்பதால், குடியில்லாத இந்த நாலு சுவருக்கு இணைப்பு நிறுத்தப்படுகிறது.

ஊரில் பாதி வீட்டுக்கு விளக்குப் போட்டவன் தன் வீட்டு வாசற்படியில் இருட்டில் உட்கார்ந்தான். கட்டில் அங்கே, மனைவி வேறெங்கோ, விளக்கு எங்குமே இல்லை. அவள் சொன்ன ஒரே ஒரு காரியம், அதுவும் தனக்குக் கை வந்த தொழில், அதை முடிக்கப் போய் இருந்ததையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். போன் அடித்தது. அவள்தான். எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிறிய திரை மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சமாக இருந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

வாரியம் நேர் விசாரணைக்கு அழைத்தது. தலைவரே விசாரிக்கிறாராம். இதுவரை எந்தக் கேள்வியும் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை என்று கவுன்டர் அம்மா சொன்னாள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை. "கேடயம் போச்சு, பரவாயில்லண்ணா" என்றாள்.

விசாரணை அறையில் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்று பணியாளருக்கு, ஒன்று வளாகத்தாருக்கு. கடையை வாடகைக்கு எடுத்தவள் என்ற முறையில் மனைவிக்கும் அழைப்பு போயிருந்தது. அவள் வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். சேலை முந்தானையில் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குக் கை பரபரத்தது. நடுவில் வாரியத்தின் தரைவிரிப்பு இருந்தது.

தலைவர் நல்ல உயரம். கணீர்க் குரல். ஜன்னல் ஓரமாக மேஜையை இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த அறையிலும் விளக்கு இல்லை.

"வளாகத்தாருக்கும் பணியாளருக்கும் உறவு ஏதும் உண்டா?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

"எந்த வீட்டுக்கு?"

அவள் தலைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேள்வியில் குதர்க்கம் இல்லை அம்மா. வாரியத்துக்குத் தெரிய வேண்டும். குடும்பம் எங்கே இருக்கிறதோ அது வீடு. இப்போது உங்கள் குடும்பம் எங்கே இருக்கிறது? கடையிலா, பழைய வளாகத்திலா, உங்கள் அண்ணன் வீட்டிலா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரைவிரிப்பைப் பார்த்தான்.

"எனக்கே தெரியலைங்க ஐயா" என்றாள். "இவர் வந்து கூப்பிட்டா போறதாத்தான் இருந்தேன். இன்னும் கூப்பிடல."

"பணியாளர் ஏன் கூப்பிடவில்லை?"

"லைட் எரியல சார்" என்றான் டெஸ்டர்.

"ஏன் எரியவில்லை?"

"நீங்க பதில் சொல்லல சார்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இது பதிவில் ஏற வேண்டாம்" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு எழுந்து நின்றார். வாரியத் தலைவர்கள் எழுந்து நின்றால் முடிவு வந்துவிட்டது என்று பொருள். டெஸ்டர் பெஞ்சின் ஓரத்தை இறுகப் பிடித்தான்.

"வணிக வளாகத்தில் மின்பணி செய்யப் பதிவு தேவையா என்ற கேள்வி எங்கள் முன் வந்திருக்கிறது. நான் இந்த வாரியத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன். தேவை என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னால், எல்லோரும் வந்து பதிவு செய்துகொள்வார்கள். பிறகு எங்களைத் தேடி யார் வருவார்கள்? தேவையில்லை என்றும் நாங்கள் சொன்னதில்லை. சொன்னால், நாங்களே தேவையில்லை என்று ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, கீழே விழாமல், பல ஆண்டுகளாக நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். இது சுலபமான காரியம் அல்ல. ஒரு சாதாரண மனிதர், தன் வேலை, தன் உறக்கம், தன் குடித்தனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 'தேவையா, தேவையா' என்று நம் வாசலில் வந்து நிற்கிறார் என்றால், அந்தத் தவிப்பைத்தான் நான் வாரியத்தின் வெற்றியாகப் பார்க்கிறேன். பதிலை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்."

விளக்க அதிகாரி கட்டுப் போட்ட கையால் மறு கையைத் தட்டினார். ஆய்வாளர் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆகவே கேள்வி மேலாய்வுக்கு அனுப்பப்படுகிறது" என்று தலைவர் உட்கார்ந்தார். "அதுவரை இரண்டு வளாகங்களும் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்."

"இருட்டாவா சார்?" என்று கேட்டவர் எழுத்தர். பழக்கமில்லாமல் வாயைத் திறந்துவிட்டதற்கு அவரே மிரண்டு குனிந்துகொண்டார்.

"ரெண்டு வளாகமா?" என்று மெல்லக் கேட்டாள் மனைவி. "வீட்லயுமா கரண்ட் இல்ல?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எத்தனை நாளா? அன்னிக்கு நான் போன் பண்ணி நீங்க எடுக்கலையே, அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"வாசப்படியில."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வளாகத்தாரும் பணியாளரும் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது" என்றார் தலைவர். "நிறைவாக ஒரு சடங்கு பாக்கியிருக்கிறது. பணியாளர் எழுந்து நின்று தன் கோரிக்கையைத் தன் வாயால், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்னால்தான் எங்களால் அதை நிராகரிக்க முடியும்."

டெஸ்டர் எழுந்தான். இதற்காக ஒப்பித்து வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. மதிப்பிற்குரிய என்று தொடங்கி, தாழ்மையுடன் என்று முடிகிறவை. அவற்றில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. ஜன்னல் வழியே வந்த வெயில் எதிர்ப் பெஞ்சில் பாதி விழுந்திருந்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரைவிரிப்பைக் கடந்தான். "பணியாளர் தன் இடத்தில்..." என்று யாரோ தொடங்கினார்கள். அவன் மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"கடையில லைட் எரியல" என்றான். "இப்ப வீட்லயும் எரியல. எப்ப எரியும்னும் எனக்குத் தெரியாது. கட்டிலும் அங்க இல்ல."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நீ வீட்டுக்கு வந்துடும்மா."